ஒரே செடியில் மூன்று மஞ்சள்: திருமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகிற சாலையில் பாதி வழியில் இறங்கி, கண்மாய்க் கரையோடு உள்ளே நடந்தால் வருகிற ஊர். அங்கே ஒரு கணவன் மனைவிக்கு 60 சென்ட் மல்லிகை இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சிமடத்திலிருந்து வேர்விட்ட நாற்று வாங்கிவந்து நாலடிக்கு நாலடி நட்டது, கிட்டத்தட்ட 1500 செடி. பூ எடுப்பதும் களை எடுப்பதும் அக்கா பொறுப்பு, தண்ணி பாய்ச்சுவது, மருந்து அடிப்பது, பூவை மாட்டுத்தாவணி கமிஷன் கடையில் போட்டுவிட்டு வருவது அண்ணன் பொறுப்பு. பூ விவசாயிகள் குழு ஒன்றுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்க்கிற வேலை எனக்கு, அப்படித்தான் இவர்கள் பழக்கம்.

முதல் அஞ்சு வருஷம் கிணற்றுத் தண்ணி. கிணறு வற்றியதும் 600 அடிக்கு போர் போட்டார்கள். அதற்கடுத்த இரண்டு கோடையிலும் செடி கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. இரண்டாவது கோடையில், ஜூன் முதல் வாரம், அக்கா போன் பண்ணினார். "தம்பி, இலை பூராம் மஞ்சளாப் போச்சு, மொட்டு ஊதா ஊதாவா வந்து உதுருது, கடைக்காரரு கழிச்சுத் தள்ளுறாரு. வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க." மே மாதத்தில் சாதாரணமாக ஒரு நாளைக்கு 12, 13 கிலோ எடுத்த தோட்டம் அது. அன்றைக்கு 4 கிலோ, அதிலும் அரைக் கிலோ கழிவு.

நான் போவதற்கு முன்பே நிறைய நடந்து முடிந்திருந்தது. மருந்துக்கடையில் ஒரு மஞ்சள் இலையைக் காட்டியதும் "வைரஸ்" என்று சொல்லி, பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து ஒன்றும் ஒரு டானிக்கும் கொடுத்திருக்கிறார்கள். 40 நாளில் ஆறு தடவை அடித்தாயிற்று. அது போக, இலை மஞ்சளாகிறது என்றால் சத்துக் குறைவுதான் என்று பிப்ரவரியிலிருந்து மாதம் செடிக்கு ஒரு கைப்பிடி யூரியா. ஒரு கைப்பிடி சுமார் 50 கிராம், அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 23 கிராம், ஐந்து மாதத்துக்கு 115 கிராம் ஆகிறது. மல்லிகைச் செடி ஒன்றுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற தழைச்சத்து வருஷம் முழுவதுக்கும் சேர்த்தே 60 கிராம்தான், அதுவும் இரண்டாகப் பிரித்து. அதோடு கொடுக்கவேண்டிய மணிச்சத்தும் சாம்பல் சத்தும் 120 கிராம் வீதம். அந்த இரண்டும் இந்தத் தோட்டத்துக்கு இரண்டு வருஷமாகப் போகவே இல்லை.

முதல் பார்வை

நான் போனது காலை பதினொரு மணிக்கு, அது முதல் தப்பு. மல்லிகை மொட்டை விடியுமுன்னே எடுத்துவிடுவார்கள், பதினொரு மணிக்குச் செடியில் மறுநாள் மொட்டும் பிஞ்சு அரும்பும்தான் நிற்கும். மொட்டில் என்ன நடக்கிறது என்பதை அன்றைக்குப் பார்க்க வழியில்லை. இலையை மட்டும் பார்த்தேன். அதற்கும் பலன் இருந்தது.

ஒரு செடியைப் பிடித்து உச்சியிலிருந்து அடிவரை உட்கார்ந்து பார்த்தால் மஞ்சள் ஒன்றல்ல, மூன்று. நுனிக் கொழுந்து இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புக்கு நடுவே உள்ள பகுதி எலுமிச்சை நிறத்தில் வெளுத்திருந்தது. சில செடிகளில் கொழுந்து வெள்ளையாகவே போயிருந்தது. நடுப்பகுதியில் முற்றிய இலைகள் வேறு மாதிரி, ஊசியால் குத்தினதுபோலப் பொடிப் புள்ளிகள், தூரத்திலிருந்து பார்த்தால் புழுதி படிந்த பித்தளை நிறம். புதருக்கு உள்ளே, வெயிலே படாத இடத்தில், இலை முழுசாக மஞ்சளாகித் தொட்டதும் உதிர்ந்தது, புள்ளியும் இல்லை, நரம்பில் பச்சையும் இல்லை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து "இலை மஞ்சள்" என்று சொன்னதுதான் இவ்வளவு நாள் நடந்த குழப்பத்துக்கு வேர்.

நடு இலையை வெள்ளைக் காகிதத்துக்கு மேல் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினேன். மிளகாய்ப்பொடி சிந்தினமாதிரி விழுந்தது, ஒரு நிமிஷத்தில் அந்தப் பொடி நகர ஆரம்பித்தது. செம்பேன். இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஆறு தடவ அடிச்சேனே, சாகலையா?" என்று கேட்டார். பைரித்ராய்டு மருந்து செம்பேனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் செம்பேனைத் தின்கிற நல்ல பேன்களையும் பொறிவண்டுகளையும் கொன்றுவிடும். அப்புறம் கேட்க ஆளில்லாமல் செம்பேன் பெருகும். மழையில்லாத மே மாத வெயிலும் யூரியாவில் வந்த கொழகொழத் தளிரும் அதற்கு இன்னும் வசதி. மருந்து அடித்தும் சாகவில்லை என்று சொல்வதைவிட, அடித்ததால் பெருகியது என்று சொல்வதுதான் இங்கே உண்மைக்குப் பக்கம்.

உள்பக்க மஞ்சளுக்குக் காரணம் கண்ணெதிரே நின்றது. செடி என் நெஞ்சு உயரம். மூன்று வருஷமாக முறையான கவாத்து இல்லை, அரிவாளால் நுனியை மட்டும் சீவிவிட்டிருக்கிறார்கள். உள்ளே காய்ந்த குச்சியும், ஒன்றோடொன்று உரசுகிற கிளையும், பென்சில் கனத்தில் முடிச்சு முடிச்சாகப் பழைய மரமும். தெளித்த மருந்து எதுவும் உள்ளே போயிருக்க வாய்ப்பே இல்லை.

வேரில் முடிச்சுப் போடுகிற நூற்புழுவாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தேன். முடிச்சு இல்லை, அழுகலும் இல்லை. ஆனால் பிடுங்கின குழியில் ஒரு அடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல். சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து அந்த மண்ணில் பிழிந்தால் சோடா பாட்டில் திறந்தமாதிரி பொங்கியது. மண்ணையும் போர் தண்ணியையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து மண்ணின் பிஹெச் 8.5, அதாவது காரத்தன்மை உள்ள மண் என்றும், தண்ணியில் பைகார்பனேட் அதிகம் என்றும் வந்தது.

விடியுமுன் மறுபடியும்

மூன்றாம் நாள் நாலு மணிக்கே போனேன். அக்காவும் கூட இரண்டு பெண்களும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் நல்ல மொட்டு பால் நிறம், கெட்டது அடிக்காம்பிலிருந்து ஊதா ஏறியது, சில மொட்டு அடி பருத்து நுனி கூம்பிப்போய்க் கொஞ்சம் கோணலாக. செடிக்கு அடியில் உதிர்ந்து கிடந்ததைக் கையால் தட்டிப் பொறுக்கினேன், சரியாக 100 மொட்டு. ஈரத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாக பிளேடால் கீறிப் பார்த்தோம், அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது.

மொட்டில் வட்டமாக ஓட்டை, ஓட்டை வாயில் எச்சம், உள்ளே கருப்புத் தலையோடு பச்சைப் புழு, அப்படி இருந்தால் அது மொட்டுப்புழு. 9 மொட்டில் அது இருந்தது. 62 மொட்டில் ஓட்டையே இல்லை, ஆனால் பிளந்தால் அடிப்பகுதியில் எள்ளைவிடச் சிறிசாக வெள்ளை வெள்ளையாக நெளிகிற புழுக்கள், ஒரு மொட்டிலேயே அஞ்சாறு. இது மொட்டு ஈ. கொசுவைவிடச் சிறிய ஈ பிஞ்சு மொட்டின் நுனியில் முட்டை வைக்கிறது, பொரித்த புழு உள்ளேயே தின்று வளர்ந்து, மொட்டோடோ தனியாகவோ மண்ணில் விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து அடுத்த ஈ வர ஏறத்தாழ மூன்று நாலு வாரம். மீதி 29 மொட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை, அவை சத்தில்லாமலோ சூட்டிலோ உதிர்ந்தவை என்று வைத்துக்கொண்டேன்.

இலை மேல் அடித்த மருந்து மூடின மொட்டுக்குள் இருக்கிற புழுவைத் தொடாது. மண்ணுக்குள் இருப்பதையும் தொடாது. ஆறு தடவை அடித்த காசு எங்கே போனது என்று அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றையும் அன்றைக்குப் பார்த்தேன், அதை எழுதாமல் விட எனக்கு மனசில்லை. பூ எடுக்கிற மூன்று பேர் விரல் நுனியிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மருந்து அடித்த செடியில், விடியுமுன் வெறுங்கையால் பூ எடுத்திருக்கிறார்கள், ஆறு தடவையும் அப்படித்தான். அந்தப் பூ அன்றைக்கே யாரோ ஒருவர் தலையில் ஏறியிருக்கும், எடுத்த பெண்களே ஒரு முழம் கட்டி வைத்துக்கொண்டும்தான் போகிறார்கள்.

என்ன முடிவு, ஏன்

முதல் முடிவு, நிறுத்துவது. பூச்சிமருந்தை அன்றே நிறுத்தினோம், யூரியாவையும். காசு கொடுத்து வாங்கி வைத்த ஒரு பாட்டில் மீதி இருந்தது, அதைத் திறக்க வேண்டாம் என்று சொல்ல ரொம்ப நேரம் ஆனது.

இரண்டாவது, தண்ணி. மூன்று நாளைக்கு ஒரு தடவை பாத்தி நிறையப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள், செடி வாடுகிறது என்ற பயத்தில். சுண்ணாம்பு மண்ணில் ஈரம் வடியாமல் நிற்கும்போது பைகார்பனேட் ஏறி, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் போகும். அதே ஈரமண்தான் மொட்டு ஈயின் கூட்டுப்புழுவுக்கும் தொட்டில். அதனால் இடைவெளியை ஆறு நாளாக்கினோம், பாய்ச்சுமுன் ஒரு விரல் ஆழம் தோண்டிப் பார்த்து. இரண்டு பிரச்சினையையும் ஒரே கையால் பிடிக்க முடிந்த இடம் இது ஒன்றுதான், அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைத்தேன்.

மூன்றாவது, இரும்பு. நரம்பு பச்சை, நடு மஞ்சள், அதுவும் கொழுந்தில் என்றால் இரும்புக் குறைவு என்பது புத்தகப்படி சரி, ஆனாலும் 60 சென்டுக்கும் அடிக்குமுன் நிச்சயம் பண்ண வேண்டும் என்று தோன்றியது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), நிறம் மாறாமல் இருக்க அரை மூடி எலுமிச்சைச் சாறு, அதை ஒரு சின்ன பிரஷ்ஷால் ஆறு செடியில் ஒரே ஒரு கிளைக்கு மட்டும் பூசி, பழைய சேலைக் கிழிசலால் அடையாளம் கட்டினோம். எட்டாம் நாள் அக்கா போன்: "தம்பி, துணி கட்டுன கொப்பு மட்டும் பச்சையாத் திட்டுத் திட்டா வந்திருக்கு." அதற்கப்புறம்தான் முழுத் தோட்டத்துக்கும் தெளித்தோம், மாதம் ஒரு தடவை. மண்ணில் போடச் சொல்லவில்லை, இந்த மண்ணில் போட்ட அன்னபேதி சீக்கிரமே துருவாகி வேருக்கு எட்டாமல் போய்விடும். மண்ணில் துருவாகிவிடாமல் இருக்க வேறொரு பொருளோடு பிணைத்த கீலேட் இரும்பு வாங்கலாமா என்று அண்ணன் கேட்டார். கடையில் மலிவாகக் கிடைக்கிற ஈடிடிஏ வகை இந்த அளவு பிஹெச்சில் மண்ணில் நிற்காது, நிற்கிற வகை விலை அதிகம். தெளிப்பே போதும் என்று முடிவு.

செம்பேனுக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், இலைக்கு அடியில் படும்படி. மொட்டு ஈக்கு, தினமும் உதிர்ந்த மொட்டைக் கூட்டிப் பள்ளத்தில் போட்டு எரிப்பது, செடிக்கடியில் மண்ணைக் கொத்திவிட்டு வெயிலில் காயவிடுவது, வேப்பம் பிண்ணாக்கு போடுவது, வாரம் ஒரு தடவை அஞ்சு சத வேப்பங்கொட்டைக் கரைசல். ஊதா மொட்டைச் செடியிலேயே விட்டுவிட்டுப் போகாமல் அதையும் பறித்துத் தனிப் பையில் போட வேண்டும் என்றேன். இது எடுக்கிறவர்களுக்குக் கூடுதல் வேலை, கூலி கூட்டிக் கேட்டார்கள், கேட்டது நியாயம், அக்கா கொடுத்தார்.

கவாத்தை ஜூனில் செய்யவில்லை. செம்பேனும் இரும்புக் குறையுமாகக் களைத்துப்போன செடியை, பூக்கிற பருவத்தில், அந்த வெயிலில் வெட்டினால் தாங்காது என்று நினைத்தேன். நவம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தோம்.

அடுத்து நடந்தது

கந்தகத்தில் அடி வாங்கினோம். சாயங்காலம் அடிக்க வேண்டும் என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணனுக்கு அன்றைக்குச் சாயங்காலம் ஒரு சாவு வீடு, அதனால் காலை பத்தரைக்கே ஆரம்பித்துவிட்டார். வெயில் 39 டிகிரி. இரண்டு வரிசை இலை ஓரம் கருகியது. மூன்றாவது வரிசையில் அக்கா போய் நிறுத்தியிருக்கிறார். அந்த இரண்டு வரிசையும் ஒரு மாதம் பூக்கவில்லை.

மற்றபடி முதல் மூன்று வாரம் ஒன்றுமே மாறினமாதிரி தெரியவில்லை. மண்ணில் ஏற்கெனவே இருந்த கூட்டுப்புழு ஈயாக வந்துதான் தீரும் என்று சொல்லியிருந்தேன், ஆனாலும் தினமும் கழிவைப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய காத்திருப்பு. பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து அடிப்பதைப் பார்த்து அண்ணன் இரண்டு தடவை மனசு மாறினார். ஜூலை கடைசியில் மறுபடி 100 மொட்டு பொறுக்கிக் கீறினோம், இந்தத் தடவை ஈப்புழு 21, மொட்டுப்புழு 6. உதிர்கிற எண்ணிக்கையும் குறைந்ததால் 100 பொறுக்க ஏழெட்டுச் செடிக்கு அடியில் தேட வேண்டியிருந்தது. பூ 7 கிலோவுக்கு வந்தது. நடு இலையைக் காகிதத்தில் தட்டினால் செம்பேன் இருந்தது, ஆனால் கூடவே அதைவிட வேகமாக ஓடுகிற வெளிர்நிறப் பேனும் வந்திருந்தது, செம்பேனைத் தின்கிற வகை. அதைப் பார்த்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

கவாத்து நேரத்தில் ஒரு சண்டை. நவம்பர் கடைசியில் வெட்டினால் மார்கழி, தை இரண்டும் பூ இல்லை. பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும் மல்லிகை கிலோ ஆயிரத்தைத் தாண்டி எங்கேயோ போகும், பனியில் செடிக்குப் பத்து மொட்டு வந்தாலும் அது காசு. இந்த ஊரில் கவாத்து ஒழுங்காக நடக்காததற்குச் சோம்பல் காரணமில்லை, இந்தக் கணக்குதான். அக்கா சொன்னார்: "தையில வர்ற காசுலதான் தம்பி பிள்ளைக பீஸ கட்டுறது." அதற்கு என்னிடம் பதில் இல்லை. 35 சென்டை நவம்பரிலும், மீதி 25 சென்டைத் தை முடிந்தும் வெட்டுவது என்று ஒத்துக்கொண்டோம்.

அரிவாளை வைத்துவிட்டுக் கவாத்துக் கத்தரி வாங்கினார்கள். வெட்டுமுன் தண்ணியை நிறுத்தி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், அதாவது 45 முதல் 50 சென்டிமீட்டரில் வெட்டி, காய்ந்ததையும் குறுக்கே ஓடுகிறதையும் அடியோடு எடுத்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி தெளித்தோம். வெட்டி முடித்த தோட்டத்தைப் பார்த்து அண்ணன் அம்மா அழுதுவிட்டார், மொட்டைக் குச்சியாக நின்றது. அப்புறம் செடிக்கு 10 கிலோ தொழுவுரம், பாதி அளவு ரசாயன உரம், தண்ணி.

அந்த 35 சென்ட் மார்ச் முதல் வாரத்தில் பூக்க ஆரம்பித்தது. ஏப்ரலில் நல்ல நாளில் அது மட்டுமே 11 கிலோ கொடுத்தது. செடி இடுப்பு உயரத்துக்குள் இருந்ததால் எடுப்பதும் சீக்கிரம், கழிவு ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி. 25 சென்ட் தையில் கொஞ்சம் காசு கொடுத்தது உண்மை, ஆனால் பிப்ரவரி கடைசியில் வெட்டினதால் மே நடுவில்தான் முழுசாகப் பூத்தது, அப்போது வரத்து அதிகமாகி விலை விழுந்திருந்தது. அக்காவே நோட்டில் எழுதிவைத்த கணக்குப்படி சென்டுக்குச் சென்ட் பார்த்தால் நவம்பரில் வெட்டின பக்கம்தான் மேல், ஆனால் பெரிய வித்தியாசத்தில் இல்லை.

இப்போது என்றால் என்ன மாற்றுவேன்

முதல் நாளே நாலு மணிக்குப் போவேன். மூன்று நாள் தாமதம் பெரிதில்லை என்று தோன்றலாம், அந்த மூன்று நாளில் ஒரு நாள் அண்ணன் ஏழாவது தடவை மருந்து அடிக்க டேங்கைக் கழுவி வைத்திருந்தார், தற்செயலாகத்தான் அடிக்காமல் விட்டார்.

தெளிக்கிற நேரத்தையும் அளவையும் காகிதத்தில் எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டுவேன். இப்போது அப்படித்தான் செய்கிறேன், எல்லாத் தோட்டத்திலும்.

போர் போட்ட வருஷமே தண்ணியைச் சோதித்திருந்தால் முதல் கோடை வெளிறல் அன்றே பிடிபட்டிருக்கும். இதை அவர்கள் மேல் போடமாட்டேன், அந்த இரண்டு வருஷத்தில் நானும் அந்தத் தோட்டத்துக்கு நாலு தடவை போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன், செடி வெளிறியிருப்பதைப் பார்த்தும் வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

100 மொட்டை வாரம் ஒரு தடவை எண்ணச் சொல்லியிருக்க வேண்டும். ஜூன், ஜூலை என்று இரண்டே எண்ணிக்கைதான் கையில் இருக்கிறது. அதனால் ஈ குறைந்ததற்குத் தண்ணியைக் குறைத்தது எவ்வளவு காரணம், மொட்டு பொறுக்கினது எவ்வளவு காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 

போர் தண்ணி அதேதான், சுக்கான் அதேதான். இந்த ஏப்ரலிலும் கொழுந்து கொஞ்சம் வெளிறியது, இரண்டு தடவை அன்னபேதி அடித்ததும் சரியானது. மொட்டுக்கு இப்போது அக்கா என்னைக் கூப்பிடுவதில்லை. பிளேடும் ஈரத் துணியும் பூக்கூடையிலேயே இருக்கிறது, ஊதா கண்ணில் பட்டால் அங்கேயே கீறிப் பார்த்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் போனில் சொல்கிறார். போன வாரம் சொன்னது 100-க்கு 8. இந்தக் கார்த்திகையில் எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.